மிச்சம் எம் மவனுக்கு

குதிரைக்குக் கொள்ளுப் பயறை அப்படியே அள்ளிப் போடக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. வேக வைத்து, ஆற வைத்து, கையால் மசித்துப் பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு உப்பிக் கஷ்டப்படும். என் அப்பா காலத்திலிருந்து மைசூர் மகாராஜாவின் குதிரைப்படைக்குக் கொள்ளு கொடுத்து வந்தவர்கள் நாங்கள். நாராயணஸ்வாமி முதலியார் என்று கேட்டால் இந்த தேவராஜ மொஹல்லாவில் ஒருவருக்கும் தெரியாது. கொள்ளு முதலியார் வீடு எது என்று கேட்டுத்தான் நீங்களும் வந்திருப்பீர்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அரசிகெரே ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட் ஓரமாகச் செத்துக் கிடந்தவனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவன்மேல் கிடந்த கம்பளியில் எங்கள் சபையின் முத்திரை இருந்தது என்கிறீர்கள். இருக்கும். நான்தான் போர்த்திவிட்டேன். எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் லிங்கம்மாவிடமிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். அந்த நாற்காலியில் ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள்.

யுத்தம் முடிந்து நம் படை பாலஸ்தீனத்திலிருந்து திரும்பியபோது ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. திரும்பி வராதவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் யுத்தத்துக்குப் போனவனல்ல. என் கொள்ளுதான் போயிற்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாலு பெரிய மனிதர்களைப் பிடித்து வீரர் ஸ்மாரக சபையை ஆரம்பித்தேன். ரிட்டையரான ஜட்ஜ் சாம்பு ஐயர் தலைவர், நான் காரியதரிசி. தலைவர் என்றால் மாலை போட்டுக்கொள்கிறவர், காரியதரிசி என்றால் மார்க்கெட்டுக்குப் போய் அந்த மாலையை வாங்கி வருகிறவன். உங்கள் உத்தியோகத்திலும் அப்படித்தானே. வருஷா வருஷம் கார்த்திகையில் ஒரு கூட்டம் போடுவோம். இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்போம். அவரவர் வீட்டாரை வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து மரியாதை செய்வோம். சிப்பாய்கள் பெயர் மட்டும் போதும் என்றார் ஐயர். குதிரைக்காரர்கள் பெயரும் கல்லில் ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். கௌதள்ளி சென்னிமலையின் பெயர் கல்லில் இருக்கிறதென்றால் அது என்னால்தான்.

கௌதள்ளி கொள்ளேகாலத்துக்கு அப்பால், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கேயெல்லாம் வெள்ளைக்காரன் சீமை. வானம் பொய்த்துப்போன ஒரு வருஷம் பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்து, படையில் குதிரை தேய்க்கச் சேர்ந்து, கப்பலேறியவன் சென்னிமலை. ஒரு சண்டைக்குப் பிறகு ஆளைக் காணவில்லை என்று மட்டும் தகவல் வந்தது. காணவில்லை என்றால் இறந்துவிட்டான் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். எல்லாச் சபைகளும் அப்படித்தான் வைத்துக்கொள்ளும்.

அவன் தாயார்தான் லிங்கம்மா. முதல் வருஷம் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் அருகே போய் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாமுங்க. எம் பையன் எப்புடிச் செத்தான்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

ஐயர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. குண்டு மழையில் கட்டறுத்து ஓடிய குதிரையைப் பிடிக்கப் போனான், குதிரையை இந்தப் பக்கம் விரட்டிவிட்டுத் தான் விழுந்தான் என்று சொன்னேன். அவள் அழவில்லை.

"குதிர பொழச்சுதுங்களா?"

பிழைத்தது என்றேன்.

"அப்பச் செரிங்க," என்று எழுந்தாள்.

நல்ல மனசோடு சொன்ன பொய். உங்கள் சட்டத்திலும் அதற்குத் தண்டனை இருக்காது. அன்றைக்கு அவளுக்குத் தங்க இடமில்லை. இந்த வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

இந்த வீட்டைப் பார்க்கிறீர்களே. என் மனைவி அந்த விஷக்காய்ச்சல் வருஷத்தில் போய்விட்டாள். குழந்தை இல்லை. என்னைப் பெற்றவளோ நான் முகம் அறிகிறதற்குள் போனவள். காலையில் கடைக்குப் போகும்போது ஒரு செம்பை இந்த மாடத்தில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும். அதை யாராவது நகர்த்தியிருக்கக் கூடாதா என்று நினைப்பேன். ஒரு செம்பின்மேல் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு ஆத்திரம் வரும் என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஐயா, உங்கள் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள்.

லிங்கம்மா வந்த மறுநாள் செம்பு அடுப்படியில் இருந்தது. களி கிண்டி அவரைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். "ஏனுங்க, நேரத்துல உண்ண மாட்டீங்களா, கன்னம் ஒட்டிக் கெடக்குது" என்று கேட்டாள். அடுத்த வருஷம் ஒரு வாரம் இருந்தாள். அதற்கடுத்து, கார்த்திகையில் வந்தால் தை பிறந்துதான் ஊருக்குப் போவாள். வந்த அன்று இரவு குதிரைக் கதையைச் சொல்லச் சொல்வாள். சும்மா அதையே சொன்னால் நன்றாக இருக்காது என்று வருஷத்துக்குக் கொஞ்சம் சேர்த்தேன். குதிரைக்கு ஒரு பெயர் வைத்தேன், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி வைத்தேன். தன் மகன் ஊரில் கன்றுக்குட்டிகளிடம் எப்படிப் பேசுவான் என்று பதிலுக்கு அவள் சொல்வாள். ஏனுங்க என்றது போய் ஒரு வருஷம் கண்ணு என்றாள். அன்று நான் கடை திறக்கப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு நாளெல்லாம் வீட்டிலேயே இருந்தேன்.

அவள் குடும்பத்தில் ஒரு வேண்டுதல் உண்டு. அதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சென்னிமலை கைக்குழந்தையாக இருந்தபோது கழிச்சல் கண்டு பிழைக்க மாட்டான் என்றாயிற்றாம். பிழைத்தால் ஆயுசு முழுக்க முதல் வாய் உனக்குத்தான் என்று மாதேஸ்வரனிடம் முடிந்து வைத்தாள். அதை அவனே எடுத்து வைக்கக் கூடாது, மற்றவர் கைதான் எடுத்து வைக்க வேண்டும். தட்டில் சோறு விழுந்ததும் யாராவது ஒரு பிடி எடுத்து ஓரமாக வைத்து, "மாதேசனுக்கு மொத வாயி, மிச்சம் எம் மவனுக்கு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் பையன் கை வைப்பான். பட்டாளத்தில் என்ன செய்தானோ, கூட இருந்தவன் எவனாவது வைத்திருப்பான் என்பாள். ஒரு வருஷம் இதை என்னிடம் சொல்லிவிட்டு, என் தட்டைப் பார்த்து, ஒரு பிடி எடுத்து ஓரமாக வைத்தாள். வார்த்தையையும் சொன்னாள்.

நான் சாப்பிட்டேன். கண்ணில் நீர் முட்டியது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து அவள் இங்கே இருக்கும் நாளெல்லாம் எனக்கும் முதல் வாய் எடுத்து வைத்துத்தான் சாப்பாடு.

அதற்கு அடுத்த ஆடி மாதம் பசவராஜிடமிருந்து ஆள் வந்தது. அக்ரஹாரத்தை ஒட்டி ஒரு தர்ம விடுதி இருக்கிறது, திக்கற்றவர்களும் புத்தி பேதலித்தவர்களும் இருக்கிற இடம். பசவராஜ் அங்கே மேற்பார்வை. ரயிலடியில் திரிந்த ஒருவனை யாரோ கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். வாய் பேசுவதில்லை. மேலே பட்டாளத்துக் கோட்டு, கிழிசல்.

"ஸ்வாமி, இவன் ஊட்டாவே பண்றதில்லை. தட்டு வெச்சா பாத்துக்கிட்டே குந்தியிருக்கான். மயக்கம் போட்டப்புறம் வாயைத் தெறந்து கஞ்சி ஊத்தறோம். எத்தனை தினா இப்படி ஓடும்? உங்க பட்டாளத்து ஆளா பாருங்க."

பார்த்தேன். முகத்தில் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. குதிரை உதைத்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாடியும் நரையுமாக, வயசு சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான். சமையற்காரி மாதம்மா சோறு கொண்டு வந்து வைத்தாள். அவன் தட்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான். அவள் திரும்ப அவன் பக்கம் தள்ளினாள். அவன் மறுபடியும் தள்ளினான். வேண்டாம் என்கிறான் என்றாள் அவள். வேண்டாம் என்கிற முகம் அப்படி இருக்காது.

ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குனிந்து ஒரு பிடி எடுத்து ஓரமாக வைத்தேன். வார்த்தையைச் சொன்னேன். அவன் இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டான்.

பசவராஜுக்கு ஆச்சரியம். என்ன மந்திரம் போட்டீர்கள், இவன் யார், தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். எங்கள் பக்கத்தில் பசித்தவனை இப்படிச் சொல்லித்தான் உட்கார வைப்பார்கள் என்றேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நான் அன்று அங்கிருந்து நேரே கௌதள்ளிக்கு ஆள் அனுப்புவதாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். செம்பு மாடத்தில் இருந்தது. நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அவளிடம் என்ன இருக்கிறது? குதிரையைக் காப்பாற்றிச் செத்த மகன் இருக்கிறான், கல்லில் பெயர் இருக்கிறது, முன்வரிசையில் நாற்காலி இருக்கிறது. அதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுகுகிற ஒருவனைக் கையில் கொடுத்தால் அந்தத் தாய்க்கு நான் செய்கிற உபகாரமா அது? அவனை வைத்துக்கொண்டு வயசான காலத்தில் அவள் மைசூருக்கு எப்படி வருவாள்? வரவே மாட்டாள். கஷ்டப்படுவாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவனை நான் கைவிடவில்லை. வார்த்தையை மாதம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் அரைகுறை, அர்த்தம் சரியாகத் தெரியாமலே கிளிப்பிள்ளை மாதிரி வேளாவேளைக்குச் சொன்னாள். அவனும் தேறினான். வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன், நாட்டு வாழைப்பழம் வாங்கிப் போவேன். கிட்டத்தட்டத் தம்பி மாதிரிதானே. சபை சார்பில் கார்த்திகைக் கூட்டம் நடக்கிற ஸ்மரண தினத்தன்று அந்த விடுதியில் எல்லோருக்கும் சாப்பாடு போட ஏற்பாடு செய்தேன். லிங்கம்மாவும் கூட வருகிறேன் என்பாள். நின்று பரிமாறினால் கால் கடுக்கும் ஆத்தா என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவேன். இப்படியே வருஷங்கள் போயின. மகன் அக்ரஹாரத்துப் பக்கம், தாய் என் வீட்டில். நடுவில் இருந்த மார்க்கெட்டில் அவளுக்கு வெற்றிலை வாங்கி வருவேன். மூன்று பேருக்கும் அதில் குறையொன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

போன கார்த்திகையில் ஐயர் சம்சாரம் சீதாலக்ஷ்மி அம்மாள் எல்லாவற்றையும் கெடுத்தாள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் லிங்கம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே உங்க கையால பரிமாறுங்கோம்மா. வீரனைப் பெத்தவா கை பட்டா அதுவே பிரசாதம்னா" என்றாள். நான் கால் வலியைச் சொன்னேன். "என்ன முதலியாரே, அவாளுக்கு இல்லாத வலி உங்களுக்கா?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

லிங்கம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து இரண்டு வருஷமாகிறது. ஆள் நிழலாடுவதுதான் தெரியும். அந்தத் தைரியத்தில் விடுதிக்கு அழைத்துப் போனேன். வரிசையாக இலை போட்டிருந்தது. அவன் கடைசி இலையில் இருந்தான். பாயசம் எடுத்துக்கொண்டு அவள் முதல் இலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அதற்குள் கடைசி இலையில் மாதம்மா குனிந்து ஒரு பிடி எடுத்து வைத்து, பழக்கப்படி உரக்கச் சொல்லிவிட்டாள்.

லிங்கம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரது? அதச் சொன்னது யாரு?"

"நானும்மா," என்றாள் மாதம்மா. "முதலியாரு சொல்லிக் குடுத்தாரு. இது சொன்னாத்தான் இவன் ஊட்டா பண்ணுவான்."

என் வாய் தானாகப் பேசிற்று. இந்த ஆள் சோறு இறங்காமல் கிடந்தான் ஆத்தா, உங்கள் வேண்டுதல் வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன், மாதேஸ்வரன் இரங்கினான் என்றேன். பொய்யில்லை, பாருங்கள். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் தடவித் தடவிக் கடைசி இலைக்குப் போய் அவன் எதிரே உட்கார்ந்தாள். "எங்கையால வெக்கறேன், உண்ணு சாமி" என்று இன்னொரு பிடி எடுத்து ஓரமாக வைத்து, அதே வார்த்தையைச் சொன்னாள்.

அவன் சாப்பிடவில்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்கண்ணு, இந்தப் பையன் உட மாட்டேங்கறானே," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பசவராஜும் நானுமாக விரல்களைப் பிரித்து எடுத்தோம். பிடி பலமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் சமைக்கவில்லை. குதிரைக் கதையும் கேட்கவில்லை. "நாளைக்கு அந்தப் பையங்கிட்ட எங்கூருப் பேச்சுப் பேசிப் பாக்கோணும் கண்ணு. அவன் மொகத்தக் கையில தடவிப் பாக்கோணும்" என்றாள். சரி ஆத்தா என்றேன்.

விடியற்காலம் முதல் வண்டி அரசிகெரே வண்டி, புனா போகிறவர்கள் அங்கே இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். புனாவில் அவன் சொந்தக்காரர்கள் அகப்பட்டுவிட்டார்கள், தந்தி வந்தது என்று பசவராஜிடம் சொன்னேன். சபைக் காரியதரிசி சொல்லும்போது அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான். புனாவுக்கு டிக்கெட் எடுத்துக் கோட்டுப் பையில் வைத்தேன். வண்டியில் உட்கார வைத்துச் சபைக் கம்பளியைப் போர்த்தினேன். புளியோதரைப் பொட்டலம் ஒன்று மடியில் வைத்தேன், நல்லெண்ணெய் விட்டது, நாலு நாள் கெடாது. அவன் அந்தப் பொட்டலத்தை மெதுவாக என் பக்கம் தள்ளினான். நான் திரும்ப அவன் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கார்டு பச்சைக் கொடியோடு பக்கத்திலேயே நின்றார். இவனுக்கு யாராவது ஒரு பிடி எடுத்து வைத்தால்தான் சாப்பிடுவான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவருக்கு என் முகம் ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து லிங்கம்மாவிடம், அந்தப் பையனின் ஊர்க்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். "நல்லாருக்கட்டும். அவனப் பெத்தவ இன்னிக்கி எத்தன சந்தோசப்படுவா" என்றாள். எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். அன்றும் என் தட்டில் முதல் வாய் எடுத்து வைத்து வார்த்தையைச் சொன்னாள். மிச்சம் எனக்கு வந்தது.

நீங்கள் சொல்கிறீர்கள், அரசிகெரேயில் இறங்கியவன் ஒரு வாரம் போல அங்கேயே கிடந்தான், கூலிக்காரர்கள் சோறு வைத்தும் தொடவில்லை, பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது என்று. பைத்தியக்காரன் பட்டினியால் செத்தான் என்று எழுதிவிட வேண்டாம். அவன் பெயர் சென்னிமலை, ஊர் கௌதள்ளி. சாப்பிட மாட்டான் என்று தெரிந்தேதான் நான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று ஜட்ஜுக்கு முன்னால் சொல்ல மாட்டேன். எனக்கு எல்லாம் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பசவராஜ் சொன்னதை வைத்து, ஊருக்குப் போயிருக்கிற லிங்கம்மாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள் என்று உங்கள் கான்ஸ்டபிள் வாசலில் பேசிக்கொண்டிருந்தான். அந்த ஆளைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வயசாகிவிட்டது, இதையெல்லாம் கேட்டால் தாங்க மாட்டாள். என்னையும் வெகுநாள் உள்ளே வைத்துவிடாதீர்கள். நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் கொள்ளி வைக்க ஒரு மகன் வேண்டுமே, ஐயா. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?